தேதி போடாத ஃபைல்கள்

நீங்க பாட்டுக்குத் திருத்துங்க டீச்சர். நான் பேசினா தொந்தரவா இருக்குமா? இல்லைன்னா சரி. பெட்டியை மேல வைக்கச் சொன்னீங்க, நல்லதுக்குத்தான் சொன்னீங்க. மேல வச்சா ரயில் ஓட ஓட ஆடும். மடியிலயே இருக்கட்டும். விழுப்புரம் தாண்டியாச்சு, திண்டுக்கல் வரைக்கும் இப்படியே வந்துடுவேன்.

உள்ளயா? ஃபிளாப்பி. உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல ஒரு காலத்துல கிடந்திருக்கும். கறுப்பா, சதுரமா, கையில எடுத்தா லேசா வளையும். அப்பல்லாம் எழுதினதைச் சேர்த்து வைக்க கம்ப்யூட்டருக்குள்ள இடம் கிடையாது, எங்க மெஷின்ல கிடையாது, எல்லாம் இதுலதான். மொத்தம் நாப்பது இருக்கு. பெரம்பூர்ல ஒருத்தங்ககிட்ட காமிச்சுட்டுத் திரும்பக் கொண்டு போறேன்.

உங்க கையில சிவப்புப் பேனாவைப் பார்த்ததும் பேசணும்னு தோணிடுச்சு. நானும் உங்க கட்சிதான். ஆறு வருஷமா திருத்துறதுதான் எனக்கு வேலை. சம்பளம் கிடையாது, பேனா கிடையாது, திருத்துறது மட்டும் உண்டு.

இன்டர்நெட்ல ஒரு காப்பகம் இருக்கு. பழைய தமிழ் மென்பொருள் காப்பகம்னு பேரு. கட்டடம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. எங்களை மாதிரி இருபது முப்பது பேர் ஆளுக்கொரு ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, எண்பது தொண்ணூறுகள்ல நம்ம ஆளுங்க எழுதின கம்ப்யூட்டர் புரோகிராமையெல்லாம் தேடிப் பிடிச்சு அதுல ஏத்தி வைக்கிறோம். தமிழ்ல டைப் அடிக்கிறது, மில்லுக்கு ஷிப்ட் போடுறது, ஜாதகம் கணிக்கிறது, பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம். பேரு என்ன, யார் எழுதினது, எந்த வருஷம், எந்த ஊரு. யார் வேணும்னாலும் எழுதலாம். யார் வேணும்னாலும் எழுதலாம்னு விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கா சொல்லணும்.

எண்பத்தஞ்சுல எழுதினதுன்னு ஒருத்தர் போட்டிருப்பார். உள்ள போய்ப் பார்த்தா தொண்ணூத்திரெண்டுல வந்த பிரிண்டர் பேரு அதுல இருக்கும். பிறக்காத பிரிண்டர்ல எப்படிய்யா அச்சடிச்சேன்னு கேட்டா கோவம் வரும். திருச்சிக்காரர் எழுதினதைச் சேலத்துக்காரர் எழுதினதா போட்டிருப்பாங்க. எங்க மாமா எழுதினது, எங்க சித்தப்பா எழுதினதுன்னு வருவாங்க பாருங்க, அதுதான் ரொம்ப. கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்திருப்பாரு சித்தப்பா, அவ்வளவுதான். நான் ஒருத்தனா ஆயிரத்து நூத்தி நாப்பது தப்பு திருத்தியிருக்கேன். சும்மா சொல்லலை, எண்ணி வச்சிருக்கேன்.

காப்பகத்துக்கு விதி எழுதிக் கொடுத்ததும் நான்தான். மொத்தம் ஒன்பது விதி. நாலாவது விதிதான் முக்கியம். குடும்பத்தார் சொல்வது ஆதாரம் ஆகாது. ஃபிளாப்பிக்குள்ள இருக்கணும், இல்லை திரையில பேரு வரணும், இல்லை அந்தக் காலத்து விளம்பரத்துல அச்சாகியிருக்கணும். வேற எதுவும் செல்லாது. யாராவது ஆதாரம் இல்லாம எழுதி அனுப்பினா தானா ஒரு பதில் போகும். அந்த வரியும் நான் எழுதினதுதான். ‘தங்கள் தகவலுக்கு நன்றி. வட்டு சொல்லாததை நாங்கள் சொல்ல இயலாது.’ நல்லா இருக்குல்ல? வட்டுன்னா இந்த ஃபிளாப்பிதான். அந்த வரியை எல்லாரும் பாராட்டினாங்க.

கரூர்லருந்து ஒரு அம்மா மூணு தடவை எழுதினாங்க. தமிழ் டைப் அடிக்கச் சொல்லிக் கொடுக்கிற புரோகிராம் ஒண்ணு, அதை எழுதினது செத்துப்போன தன் தம்பின்னு. மூணு தடவையும் அந்த வரிதான் போச்சு. மூணாவது தடவை தம்பி போட்டோவை அனுப்பியிருந்தாங்க. போட்டோவை வச்சு நான் என்ன பண்றது? பரிதாபம் வேற, வரலாறு வேற. அப்படித்தான் பேசுவேன் அப்ப.

சரி, என் கதைக்கு வரேன். டீ குடிக்கிறீங்களா? நான் குடிக்கலை, கையில பெட்டி.

நான் திண்டுக்கல்ல ஒரு பஞ்சு மில்லுல கம்ப்யூட்டர் பிரிவுல இருந்தேன். மில்லை மூடினப்ப பழைய மெஷின் ஒண்ணை அங்கேருந்து வாங்கிட்டு வந்து, நாகல் நகர்ல எங்க வீட்டு முன் ரூம்ல போட்டேன். தொண்ணூறாம் வருஷம். என்ன பண்றதுன்னு யோசிச்சு, கம்ப்யூட்டர் ஜாதகம்னு போர்டு மாட்டினேன். ‘நல்லோரை’ன்னு ஒரு புரோகிராம். நானே எழுதினது. திண்டுக்கல், வத்தலகுண்டு, நிலக்கோட்டை, பழனி வரைக்கும் ஜோசியர்ங்க எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. ஏன்னு கேளுங்க. மத்த ஊர்ல வந்த கம்ப்யூட்டர் ஜாதகமெல்லாம் திருக்கணிதப் பஞ்சாங்கப்படிதான் கணிக்கும். நம்ம பக்கத்து ஜோசியர் பாதிப்பேர் வாக்கியப் பஞ்சாங்கம்தான் பார்ப்பாங்க. அந்தக் கணக்கு வேற. மெஷினுக்குள்ள அதை இறக்கறது லேசுப்பட்ட காரியம் இல்லை. நல்லோரையில ரெண்டும் வரும். அதுதான் அதோட பெருமை.

வாக்கியக் கணக்கு எனக்கெப்படித் தெரியும்னு கேக்குறீங்க. எங்க வீட்ல பார்த்துக்கிட்டாங்க. எங்க மாமனார் நிலக்கோட்டையில ஜோசியர். எங்க வீட்ல கணக்குல பி.எஸ்ஸி. நான் மெனு, திரை, அச்சடிக்கிறது இதெல்லாம் எழுதினேன். அவ அந்தக் கணக்கை மட்டும் உள்ள டைப் அடிச்சா. உதவி மாதிரி. இருபத்திமூணு ஃபைல் வரும். மொத்தம் முப்பத்தியொண்ணுல.

இப்ப ஒண்ணு சொல்றேன், அதுலதான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் கவனிங்க. அந்த மெஷின்ல கடிகாரம் ஓடாது. பேட்டரி செத்துப்போச்சு. அதனால ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் இன்னைக்கு என்ன தேதி, மணி என்னன்னு கேக்கும். நாம அடிக்கணும். அடிக்காம வெறும் என்டரைத் தட்டினா, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒண்ணு, மணி சைபர்னு வச்சுக்கும். அங்கேருந்து எண்ண ஆரம்பிக்கும். அப்புறம் நீங்க எந்த ஃபைலை எழுதி வச்சாலும் அதுக்குப் பக்கத்துல எண்பது ஜனவரி ஒண்ணுன்னுதான் விழும்.

நான் ஒருநாளும் தேதி போடாம உட்கார்ந்தது கிடையாது. எங்க வீட்ல ஒருநாளும் போட்டது கிடையாது. டக்குனு என்டர், டக்குனு என்டர், வேலையை ஆரம்பிச்சுடுவா. கேட்டா, ‘மெஷினுக்குத் தேதி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, கிரகத்துக்குத் தெரிஞ்சா போதாதா?’ன்னு சிரிப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

ஒரு தடவை நல்லா கத்தி விட்டுட்டேன். வைகாசி மாசம், முகூர்த்த நேரம், முன் ரூம் நிறைய ஆளு. ஒரு பொண்ணோட அப்பா ஜாதகத்தைக் கையில வாங்கிப் பார்க்கிறார். கீழ ‘கணித்த தேதி’ன்னு வரும், அதுல எண்பது ஜனவரி ஒண்ணுன்னு விழுந்திருக்கு. ‘என்ன சார், எம்பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் போறப்பவே கல்யாணத்துக்கு ஜாதகம் கணிச்சுட்டீங்களா’ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. உள்ள பார்த்துக் கத்தினேன். ஒரு தேதி போடத் தெரியாதா, நீயெல்லாம் கணக்குப் படிச்சவளான்னு. ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டு வாசப்படியில நின்னு கேட்டா, உள்ள போயிட்டா. அவ்வளவு பேர் முன்னாடி கத்தியிருக்க வேண்டாம். கோவத்துல வர்றதுதானே.

கடையெல்லாம் ரெண்டாயிரத்துலயே மூடியாச்சு. இன்டர்நெட் வந்தப்புறம் யாரு நம்மகிட்ட வர்றா. அப்புறம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனேன். நாலு வருஷம் முன்னாடி எங்க வீட்ல கிட்னி போச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். உள்ள விட மாட்டாங்கன்னு இல்லை, விடுவாங்க, கூட ஒரு ஆள் உட்காரலாம். நான் வெளிய வராந்தாவுல லேப்டாப்போட உட்கார்ந்துடுவேன். காப்பகத்துல நிறைய தப்பு திருத்தினது அங்கதான். சும்மா உட்கார்ந்து அவ முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

அப்பத்தான் நல்லோரையையும் காப்பகத்துல ஏத்திடலாம்னு தோணிச்சு. பரண்லருந்து இந்தப் பெட்டியை எடுத்தேன். ஃபிளாப்பி படிக்கிற மெஷின் ஒண்ணு அப்ப என்கிட்ட ஓடிக்கிட்டிருந்துச்சு. முதல் ஃபிளாப்பி நல்லா இருந்துச்சு. திறந்து பார்த்தா அசிங்கம். எட்டு ஃபைலுக்கு ஒழுங்கான தேதி, இருபத்திமூணு ஃபைலுக்கு எண்பது ஜனவரி ஒண்ணு. ஊர் உலகத்துத் தப்பையெல்லாம் திருத்துறவன் என் புரோகிராமை இப்படி அலங்கோலமா வைக்க முடியுமா? ஃபைல் தேதியை மாத்துறதுக்கு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. ஃபிளாப்பியிலயே, மூலத்துலயே திருத்திட்டேன். இருபத்திமூணுக்கும் சேர்த்து ஒரே தேதி. தொண்ணூத்திரெண்டு சித்திரை ஒண்ணு, காலை பத்து மணி. அப்புறந்தான் பிரதி எடுத்து ஏத்தினேன்.

அந்தத் தேதிக்கு என்ன ஆதாரம்? நீங்க கேப்பீங்கன்னு தெரியும். ஆதாரம் இல்லை. சும்மா நல்ல நாளா இருக்கட்டும்னு போட்டேன்.

அன்னைக்கு டயாலிசிஸ் முடிஞ்சு அவ படுத்திருந்தா. போன்ல பக்கத்தைக் காமிச்சேன். நல்லோரை, திண்டுக்கல், உருவாக்கியவர் எஸ். வீரபத்திரன். கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா மேலருந்து கீழ வரைக்கும் பார்த்தா. திரும்பவும் மேல தள்ளிப் பார்த்தா. அப்புறம், ‘தேதியெல்லாம் போட்டுட்டீங்களா’ன்னு கேட்டா.

ஆமா, இருபத்திமூணு ஃபைலும் சரி பண்ணிட்டேன்னேன். ‘என்ன தேதி போட்டீங்க?’ சித்திரை ஒண்ணுன்னேன். ‘நல்ல நாள்தான்’னா. கண்ணாடியைக் கழட்டிக் கையில கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அவளுக்குத் திருப்தின்னு நினைச்சேன் டீச்சர். முப்பது வருஷமா அவ போடாத தேதியை நான் போட்டுட்டேன், அந்தக் குறை தீர்ந்துச்சுன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து பொண்ணுக்குப் போன் பண்ணி, உங்கம்மா சந்தோஷப்பட்டான்னு சொன்னேன்.

போன ஆடியில போயிட்டா.

காரியத்துக்கு வத்தலகுண்டுலருந்து ஒரு ஜோசியர் வந்தார். எண்பது வயசு இருக்கும், பஸ் ஏறி வந்திருந்தார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘வாக்கியத்தை மெஷினுக்குள்ள இறக்கின கை சார். எங்களுக்குச் சந்தேகம் வந்தா நீங்க வெளிய போற நேரம் பார்த்துத்தான் வருவோம். அம்மாகிட்ட கேட்டாத்தானே பதில் கிடைக்கும்’னார். நான் வெளிய போற நேரம் பார்த்து வருவாங்களாம். எனக்குத் தெரியாது. எனக்கு அது வரைக்கும் தெரியாது.

அவர் சொன்னது மனசுல கிடந்துச்சு. சரி, ஒரு வரி சேர்த்துடலாம்னு காப்பகத்துல எழுதினேன். ‘தட்டச்சு உதவி: எனது மனைவி.’ அனுப்பின மறு நிமிஷம் பதில் வந்துச்சு. தங்கள் தகவலுக்கு நன்றி. வட்டு சொல்லாததை நாங்கள் சொல்ல இயலாது.

நான் எழுதின வரி. கமா, புள்ளி எல்லாம் நான் வச்சது.

ஒரு மாசம் நான் எதுவும் பண்ணலை. அப்புறம் மெர்லின்னு ஒருத்தங்க போன் பண்ணினாங்க. காப்பகத்துல எங்களோட இருக்கிறவங்க, பாங்க்ல வேலை, பெரம்பூர்ல வீடு. பழைய மெஷினையெல்லாம் ரிப்பேர் பண்ணி ஓட வைக்கிறவங்க. நல்லோரையைச் சரி பார்க்கிற முறை அவங்களுக்கு வந்திருக்கு. ‘சார், ஒரு சந்தேகம். இருபத்திமூணு ஃபைலும் ஒரே நாள், ஒரே நிமிஷத்துல எழுதினதா காட்டுதே, நீங்க ஏதும் மாத்தினீங்களா’ன்னாங்க. பெருமையாத்தான் சொன்னேன். ஆமாம்மா, எண்பது ஜனவரி ஒண்ணுன்னு கிடந்துச்சு, சரி பண்ணினேன். எங்க வீட்ல தேதி போட மாட்டாங்கன்னேன்.

அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கிற சத்தம் கேட்டுச்சு.

அப்புறம் மெதுவாக் கேட்டாங்க. ‘அப்ப தேதி இல்லாத ஃபைலெல்லாம் அம்மா எழுதினது, தேதி இருந்ததெல்லாம் நீங்க எழுதினது. அப்படித்தானே சார்?’ நான் ஆமான்னேன். புரியுதா டீச்சர்? வட்டுல இருந்துச்சு. யார் எழுதினதுங்கறது வட்டுலயே இருந்துச்சு. அவ கைக்கு அடையாளம் அந்தத் தப்பு ஒண்ணுதான். அதை நான் திருத்திட்டேன்.

மெர்லின் விடலை. ‘தேதிக்குப் பக்கத்துல மணி இருந்திருக்குமே சார், அது ஏதும் ஞாபகம் இருக்கா?’ன்னாங்க. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்துச்சு. மூணு அம்பத்திரெண்டு. திருத்தும்போது அதைப் பார்த்துச் சிரிச்சேன், அதனால ஞாபகம். விடியக்காலம் மூணு அம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு பாரு, பேய் எழுதின ஃபைல்னு அவகிட்டயே சொன்னேன். மெர்லின் சொன்னாங்க, ‘சார், தேதி போடலைன்னா கடிகாரம் சைபர்லருந்து ஓடும். அது மணி இல்லை சார். அம்மா மெஷினைப் போட்டு மூணு மணி அம்பத்திரெண்டு நிமிஷம் எந்திரிக்காம உட்கார்ந்திருக்காங்க.’

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அந்த மெஷின் எப்படி எண்ணும்னு என்னைவிட யாருக்குத் தெரியும். தெரிஞ்சும் தோணலை. இருபத்திமூணு ஃபைல். ஒவ்வொண்ணுக்கும் எத்தனை நேரம் உட்கார்ந்தான்னு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுதி வச்சிருந்துச்சு. சோறு வடிச்சு, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு உட்கார்ந்த நேரம். நான் எல்லாத்துக்கும் பத்து மணின்னு போட்டேன்.

இல்லை, கண்ணுல தூசி. ஜன்னலோரம்ல.

அதனாலதான் இந்தப் பெட்டி. மீதி ஃபிளாப்பியில எங்கயாவது பழைய பிரதி, நான் கை வைக்காத பிரதி ஒண்ணு இருக்காதான்னு மெர்லின் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். மீதி முப்பத்தொன்பதுல முப்பத்தாறு பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. அந்தம்மா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாம பஞ்சு வச்சுத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. போட்டா கரகரன்னு சத்தம் வரும், ஒண்ணும் வராது. மூணு திறந்துச்சு. ரெண்டுல யார் யாரோ ஜாதகம். ஒண்ணுல மட்டும் புரோகிராம். மேல என் கையெழுத்து, ‘பொருத்தம், தொண்ணூத்திமூணு’ன்னு.

கல்யாணப் பொருத்தம் பார்க்கிற பகுதி. நல்லோரையில அதுக்கப்புறம் சேர்த்தது. பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லும். அது நான் எழுதினது. நான் எழுதினதுன்னுதான் ஞாபகம். முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். வட்டைத் திறந்ததும் நான் தேதியைத்தான் பார்த்தேன். எண்பது ஜனவரி ஒண்ணு ஒண்ணாவது இருக்காதா, ஒண்ணாவது இருக்காதான்னு பார்க்கிறேன். இல்லை. ஒரு ஃபைல் விடாம எல்லாத்துக்கும் சரியான தேதி. மார்கழி, தை, மாசின்னு வரிசையா.

அப்ப நான் எழுதினதுதான்னு மெர்லின்கிட்ட சொன்னேன். கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அவங்க விரலை வச்சு மணியைக் காமிச்சாங்க. நாலு அம்பது. அஞ்சு பத்து. நாலு நாப்பது. அஞ்சே கால். எல்லாம் காலையில.

டீச்சர், நான் ஆயுசுல ஏழு மணிக்கு முன்னாடி எந்திரிச்சது கிடையாது. எங்க அம்மா செத்த அன்னைக்குக்கூட எழுப்பித்தான் விட்டாங்க.

அன்னைக்கு நான் கத்தினேன்ல, அத்தனை பேர் முன்னாடி. அதுக்கப்புறம் அவ தேதி போட்டிருக்கா. ஒருநாள் விடாம, தேதி, மணி ரெண்டும் போட்டிருக்கா. நான் பார்க்கவே இல்லை. எங்க வீட்ல தேதியே போட மாட்டான்னு அதுக்கப்புறமும் முப்பது வருஷம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். சொந்தக்காரங்ககிட்ட, பேத்திகிட்ட, ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட. அவ அங்கேயே இருப்பா. நான் போட்டேனேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. போட ஆரம்பிச்சதும் அவ ஃபைலும் என் ஃபைலும் ஒண்ணு மாதிரி ஆயிடுச்சு. அதனாலதான் எல்லாம் நான் எழுதினதுன்னு எனக்கே ஞாபகம் ஆயிடுச்சு போல.

நேத்து சாயங்காலம் மெர்லின் வீட்டுலயே உட்கார்ந்து எழுதினேன். உருவாக்கியவர் பேரை மாத்தணும்னு. அந்த வரிதான் வந்துச்சு. வட்டு சொல்லாததை. விடியக்காலை அஞ்சு மணிக்கு யார் உட்கார்ந்திருந்தான்னு வட்டு சொல்லலையே. நான் தூங்கினேன்னு நான்தான் சொல்றேன். நான் குடும்பத்தார். நாலாவது விதி.

சரி, என் பேரையாவது எடுத்துடுங்கன்னேன். உருவாக்கியவர் தெரியவில்லைன்னு போட்டுடுங்க, போதும். மெர்லின் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ‘எடுக்க முடியாது சார். புரோகிராமைப் போட்டா முதல் திரையிலயே உங்க பேருதான் வருது. அது ஆதாரம்’னாங்க. அந்த முதல் திரையை எழுதினது நான். அது மட்டும் நிச்சயமா நான்தான். தோரணம், குத்துவிளக்கெல்லாம் வரைஞ்சு நடுவுல என் பேரைப் போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு அதுக்கு. அவ பக்கத்துல நின்னு பார்த்து, விளக்கு நல்லா வந்திருக்குன்னு சொன்னா.

விதியை மாத்தலாமேங்கறீங்க. மெர்லினும் அதைத்தான் சொன்னாங்க. சார், உங்களுக்காக எல்லாரும் ஒத்துப்பாங்கன்னாங்க. மாத்தினா முதல்ல அந்தக் கரூர் அம்மாவுக்கு நான் மாத்தணும். அவங்களுக்கு நேத்தே எழுதினேன். மன்னிப்பு கேட்டு, தம்பி பேரு என்னன்னு கேட்டு. போட்டோவோட அவங்க எழுதியிருப்பாங்க, நான் முழுசாப் படிக்காமலே அழிச்சுட்டேன். நேத்து எழுதின மெயில் திரும்பி வந்துடுச்சு. அந்த முகவரி இப்ப இல்லையாம்.

திருச்சி வரப்போகுது, நீங்க இறங்கணும். பேப்பரையெல்லாம் எடுத்து வச்சுக்குங்க. உங்களைத் திருத்தவே விடலை நான்.

என்ன கேட்டீங்க?

அவ பேரா?

சொல்லலையா நான்? விழுப்புரத்துலருந்து பேசிக்கிட்டு வரேன். சொல்லவே இல்லையா? எங்க வீட்ல, எங்க வீட்லன்னே... காப்பகத்துக்கு அனுப்பினதுலகூட எனது மனைவின்னுதான் எழுதினேன். மெர்லினுக்கும் தெரியாது. அவங்க அம்மா அம்மான்னாங்க, நானும் சொல்லலை.

வேதநாயகி. நிலக்கோட்டை ஜோசியர் மக, வேதநாயகி.

அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்க டீச்சர். சிவப்பா இருந்தா என்ன, பரவாயில்லை. பெட்டி மேல பாருங்க, நல்லோரை, எஸ். வீரபத்திரன்னு நான் எழுதினது. கீழ இடம் இருக்கு. வேண்டாம், மேலயே எழுதறேன். வண்டி ஆடுது, எழுத்து கோணலா வருது. வே, த, நா, ய, கி. படிக்க முடியுதில்லே?

தேதியா? வேண்டாம் டீச்சர். தேதி போட வேண்டாம்.